ஆறு கப்பும் ஒரு ஹெல்மெட்டும்

மாமா கண் விழித்துவிட வேண்டும். ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்லிவிடக் கூடாது. பத்து வயதில், மூன்று நாள் இடைவிடாமல் நான் சாமியிடம் கேட்டுக்கொண்டது இதைத்தான். முதலாவதை மட்டும் கேட்டிருந்தால் நல்ல பிள்ளை. நான் இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் சூளை வேலை. புதிதாகச் சிவப்பு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். அப்பாவின் மொபெட் மேடு வந்தால் என்னை இறங்கி நடக்கச் சொல்லும். மாமாவின் வண்டி மேட்டைக் கண்டால்தான் உறுமும். பின்னால் உட்கார்ந்தால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் பந்து போல உப்பும். அந்த நேரத்தில் நான் கணக்கில் எட்டு மார்க் வாங்கியவன் அல்ல. ஊரில் எல்லாரும் வழிவிட வேண்டிய ஆள்.

அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. தானே கடைக்குப் போய் ஒரு ஹெல்மெட் வாங்கிவந்து தம்பியின் தலையில் மாட்டினாள். தலையில் அது இருந்தால்தான் என்னை ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. மாமாவும் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று வேப்பூரில் பெரியம்மா வீட்டுக்கு ஆறு டீ கப்பு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாமா கம்பெனியிலிருந்து வாங்கிவந்தவை, வெள்ளையில் நீலப்பூ. போன தடவை பையில் போட்டு பஸ்ஸில் அனுப்பியதில் இரண்டுக்குக் காது போய்விட்டது. அதைப் பெரியம்மா ஒரு வருஷம் பேசினாள். எந்தப் பையில் வைப்பது என்று அம்மா தடுமாறிக்கொண்டிருந்தபோது, வண்டியில் உட்கார்ந்தபடியே மாமா ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினார்.

“இதுக்குள்ள அடுக்குக்கா. மெத்த மாதிரி இருக்குது.”

“அப்ப உன் தலைக்கு?”

“தலை என்ன பீங்கானா?”

அம்மா சிரித்துவிட்டாள். பழைய துண்டைக் கிழித்து ஒவ்வொரு கப்பாகச் சுற்றி, ஹெல்மெட்டுக்குள் அடுக்கி, பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தாள். ஒரு கப்பு உடைந்தாலும் இரண்டு பேரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றாள். என் வயிற்றுக்கும் மாமாவின் முதுகுக்கும் நடுவே ஹெல்மெட் கிடுக்கிப்பிடியில் நின்றது. கிளம்பினோம்.

உளுந்து பிடுங்குகிற காலம் அது. வேப்பூர் சாலையில் செடிகளைக் கொண்டுவந்து தார் மேலேயே பரப்பியிருந்தார்கள். களத்தில் போட்டு அடிக்க ஆள் தேட வேண்டாம். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொண்டு போகலாம். மாமா வேகத்தைக் குறைத்து மெல்ல ஏறினார். சக்கரத்துக்கு அடியில் காய்ந்த நெற்றுகள் படபடவென்று வெடித்தன. ஊசிப்பட்டாசுச் சரத்தின் மேல் உட்கார்ந்து போவது போல இருந்தது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை கூசியது. பிறகு வெறும் சாலை வந்துவிட்டது.

“மாமா, இன்னொரு தடவ போலாம் மாமா. வேகமா.”

மாமா திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இருபத்து மூன்று வயதுதான். “கெட்டியாப் புடிச்சிக்க மாப்ள” என்று வண்டியை வந்த வழியே திருப்பினார். நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாமாவை அல்ல, ஹெல்மெட்டை.

இந்தத் தடவை வெடிச்சத்தம் தனித்தனியாகக் கேட்கவில்லை. ஒரே இரைச்சலாகக் கேட்டது. அப்புறம் பின்சக்கரம் எங்களோடு வர இஷ்டமில்லாதது போல ஒரு பக்கமாக நழுவியது. ஓரத்தில் குவித்திருந்த செடியின் மேல் நான் போய் விழுந்தேன். சிராய்ப்புகூட இல்லை. எழுந்ததும் முதல் காரியமாகத் துண்டை விலக்கி எண்ணினேன். ஆறும் இருந்தன.

“மாமா, ஒண்ணும் ஒடையல” என்றேன். மாமா சாலையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். இன்னொரு தடவையும் சொன்னேன். முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு பெண் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மாமாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வராந்தாவில் அப்பா கேட்டார், ஹெல்மெட் எங்கே போயிற்று என்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவும் குனிந்துகொண்டாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் உளுந்து வழுக்கிவிட்டது என்றேன். பொய் இல்லை. எத்தனையாவது தடவை போனபோது வழுக்கியது என்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எனக்கு மூத்திரம் முட்டியது. மாமா போய்விட்டார் என்று வந்து சொல்வார்கள், அல்லது மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று சொல்வார்கள். எது வந்தாலும் நான் காலி.

மூன்றாம் நாள் மாமா கண் விழித்தார். “வண்டிய எங்க நிறுத்துனேன்?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் தலையிலிருந்து துடைத்தது போலப் போய்விட்டிருந்தது. அப்பா விடவில்லை. வேப்பூருக்குப் போனவன் எதற்காக விருத்தாசலம் பார்த்து வந்துகொண்டிருந்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமா யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நாம எதுக்கு மாப்ள திரும்புனோம்?”

“தெரியல மாமா.”

கேட்ட இரண்டையும் சாமி அப்படியே கொடுத்துவிட்டது. அதிலிருந்து எனக்குச் சாமி என்றால் பயம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மாமாவுக்கு வாசனை தெரியவில்லை. பெட்ரோல், பிரியாணி, மல்லி எல்லாம் ஒன்றுதான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள், பிராது கட்ட. எங்கள் பக்கத்தில் குறை இருப்பவர்கள் கோர்ட்டில் மனுப் போடுவதுபோல, யார் என்ன செய்தார் என்று தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிடுவார்கள். அப்புறம் அது சாமியின் வழக்கு. குற்றவாளியை ஆஜர்படுத்தத்தான் என்னை அழைத்துப் போகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு முறை இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன்.

மண்டபத்தில் உட்கார்ந்து, கையால் மறைத்து மறைத்து அம்மா எழுதினாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனாள். நான் பிரித்துவிட்டேன்.

‘என் தம்பி தலையில் இருந்ததை என் கையால் வாங்கி அதில் கப்பு அடுக்கினேன். இதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. செய்தது நான். என்ன கொடுப்பதானாலும் எனக்குக் கொடு. அவனுக்கு வாசனையைத் திருப்பிக் கொடு.’

மேலிருந்து கீழாக இரண்டு முறை என் பெயரைத் தேடினேன். எங்கேயும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. மடிப்பு மாறாமல் மடித்து வைத்தேன்.

அம்மா அதைக் கட்டிவிட்டு வந்ததும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு நன்றாகப் பசித்தது. வழித்துத் தின்றுவிட்டு அம்மாவின் தொன்னையைப் பார்த்தேன். அவள் தொடவே இல்லை; அப்படியே என் கையில் வைத்தாள். அம்மாவுக்குப் பசியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.