கரிமூட்டமும் நெஞ்சு மருந்தும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை என்றால், அடுத்தவர் ஒழுங்காக மூச்சு விட நாம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிற வேலை.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற வாத்தியார்கள், கண்டக்டர்கள், பேங்க் கவுன்ட்டர்காரர்கள் எல்லாரும் என் கட்சி. நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

எங்கள் நிலையம் சாயல்குடிப் பக்கம். எங்கே பார்த்தாலும் கருவைக்காடு, அதாவது சீமைக்கருவேலம். அந்தக் கருவையை வெட்டி, குவித்து அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துப் புகையவிட்டால் கரியாகும். அதற்கு மூட்டம் என்று பெயர். பாதி ஊருக்கு அதுதான் பிழைப்பு. மீதி ஊருக்கு அந்தப் புகை. இளைப்பு என்று வருகிறவர்களுக்கு ஓர் ஊசியைப் போட்டு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. புதிதாக வந்த டாக்டரம்மா அதை மாற்றினார். சுகர், பிரஷருக்கு மாதிரி இதற்கும் மாதாமாதம் மருந்து, செவ்வாய்க்கிழமை தோறும் நெஞ்சு கிளினிக் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது அவர், மாட்டிக்கொண்டது நான்.

முதல் செவ்வாயன்று வந்தவர் முத்திருளாயி. ஐம்பதைத் தாண்டியவர். பீடியை மோந்துகூடப் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் கருப்பையாவோடு சேர்ந்து முப்பொழுதும் மூட்டத்தில் நின்றதில் நெஞ்சு போயிருந்தது. இன்னொரு தடவை பெரிய இளைப்பு வந்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம், தினமும் மருந்து இழுக்க வேண்டும், புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு, இந்த அம்மா உங்கள் பொறுப்பு என்று என்னைக் கைகாட்டினார்.

ஊதச் சொன்னது

நெஞ்சின் பலத்தைப் பார்க்க ஊதுகிற கருவி ஒன்று இருக்கிறது. மூச்சை நிறைய இழுத்து, படாரென்று ஒரே ஊதாக ஊத வேண்டும். முத்திருளாயி அக்கா அதை வாங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு, மெல்ல, நீளமாக, பதமாக ஊதினார். முள் அசையவே இல்லை. வேகமாக என்றேன். இன்னும் நீளமாக ஊதினார். நான் ஊதிக் காட்டினேன். மருந்தாளுநர் அண்ணன் ஊதிக் காட்டினார். வெளியே காத்திருந்த கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்து வாயால் ஊதிக் காட்டியது. எனக்குத் தலை கிறுகிறுத்துப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊதாங்குழலைப் பிடித்து அடுப்பு ஊதின வாய் அது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் என்னைப் பாவம் பார்த்து விளக்கினார்: "நீ சொல்ற மாதிரி ஊதுனா சாம்பல் மூஞ்சியில அடிக்கும்ல தாயி."

குழலும் குளிகையும்

அடுத்து மருந்து. குளிகையைக் குழலுக்குள் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கிற பொடி உதிரும். அதை வாயால் இழுக்க வேண்டும். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த மாதம் வந்தபோது இளைப்பு கொஞ்சமும் குறையவில்லை. சந்தேகம் வந்து, என் முன்னால் ஒரு தடவை செய்துகாட்டுங்கள் என்றேன். செம்பில் தண்ணீர் கேட்டார். குளிகையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, வெறும் குழலைப் பயபக்தியோடு இழுத்துக் காட்டினார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம். "மாத்திரைய வயித்துக்குக் குடுத்தேன், குழலை நெஞ்சுக்குக் குடுத்தேன். உள்ள போயி ரெண்டும் சேந்துக்கிராதா?"

வெள்ளைப் புகை

குழல் வேண்டாம் என்று, அழுத்தினால் மருந்து வாய்க்குள் பீச்சுகிற பம்ப்புக்கு மாற்றினோம். அதற்குள் ஒருநாள் சின்னதாக ஓர் இளைப்பு. மெஷினை மாட்டி முகமூடி வழியாக மருந்து ஆவியைக் கொடுத்தேன். கருப்பையா பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து தீரப்போகிற நேரத்தில் நான் கழற்றப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆள் வெளியே இருமிக்கொண்டிருக்கிறார், இவர் விடமாட்டேன் என்கிறார்.

மூட்டத்தில் முதலில் அடர்த்தியாக வெள்ளைப் புகை வருமாம். விறகில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். புகை நீலமாக மாறினால்தான் வெந்தது. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து பெண்டாட்டி மேல் வைத்துவிட்டார் மனுஷன். மெஷின் ஆவி நாள் முழுக்க ஓடினாலும் வெள்ளைதான் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. "வெள்ளப் புகையில பிரிச்சா கரி எங்கிட்டுத் தேறும்? நீலம் ஓடட்டும், செத்த இருங்க."

ஊருக்கே ஒரு பம்ப்

ஒரு மாதத்துக்கு மேல் வரவேண்டிய பம்ப் ஒரே வாரத்தில் காலி. விசாரித்தால், மூட்டத்தில் கூட வேலை பார்க்கிற எல்லாரும் ஆளுக்கு ரெண்டு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். டீ வந்தால் பகிர்ந்து குடிப்பதில்லையா, அது மாதிரி. இருமல் இல்லாதவர்களும் வஞ்சகமில்லாமல் இழுத்திருக்கிறார்கள். முத்திருளாயி அக்காவோ, உடம்பு நல்லாயிருக்கிற நாளில் எதற்கு வீணாக்க என்று, தான் மட்டும் இழுக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

மருந்தாளுநர் அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் புதுப் பம்ப்பை எடுத்து நீட்டினார். "இது நெஞ்சு மருந்து இல்ல சிஸ்டர், தெருக்குழாய்."

நேரில் போய்ப் பார்த்தது

சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்கே போனேன். கருவைக்காட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மண்குவியல், அதன் மேலெல்லாம் புகை. புகைக்குள் முத்திருளாயி அக்கா. நான் கொடுத்த மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட முடியாவிட்டால் காற்று வருகிற பக்கமாவது நில்லுங்கள் என்று கெஞ்சினேன். முடியாதாம். மேல் மண்ணில் ஒரு வெடிப்பு விட்டால் போதும், காற்று உள்ளே புகுந்து அத்தனையும் எரிந்து சாம்பலாகிவிடும். வெடிப்பைக் கண்டதும் மண்ணைக் குழைத்து அப்ப வேண்டும். அதனால் மூட்டம் வெந்து முடிகிற வரைக்கும் புருசனும் பெண்டாட்டியும் முறைவைத்துக் காவல் நிற்கிறார்கள். சோறு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அக்காவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கருப்பையாவிடம் கேட்டேன். அவர் மண் குழைக்கப் போய்விட்டார். பதில் சொன்னது அக்காதான். "தள்ளி நின்னா எங்கன வெடிச்சிருக்குன்னு தெரியாது தாயி. புகைக்குள்ள நின்னாத்தான் தெரியும்."

லோடு ஆட்டோவில் வந்தது

பயந்தது நடந்தது. காலை ஓ.பி. நேரம், கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. கரிமூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோ நேராக வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. கருப்பையா மனைவியைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். அக்காவுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு இல்லை. டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்த நோயாளியைப் பாதியில் விட்டு எழுந்து ஓடி வந்தார். ஆக்சிஜன், ஆவி, ஊசி, நூற்றியெட்டுக்குப் போன் என்று எல்லாம் ஒரே நேரத்தில். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்க ஆரம்பித்து, அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். யார் பார்த்தால் என்ன.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கருப்பையாவைப் பிடித்து ஏசினேன். அவர் முழங்கை வரை ஈர மண்ணோடு, செருப்பில்லாமல், சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இப்போது மூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டோ டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "நாங்க கிளம்புறப்பவே ஒரு பக்கம் சரிஞ்சு தீ வெளிய வந்துருச்சு சிஸ்டர். இவரு திரும்பிக்கூடப் பாக்கல."

ஈடு கட்டுவது

ராமநாதபுரத்தில் இருந்து பிழைத்து, தன் காலில் நடந்து அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் வந்தார் அக்கா. நான் கேட்காமலேயே பம்ப்பை எடுத்துக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தி இழுத்து, அடக்கி வைத்துக் காட்டினார். அப்படி ஒரு சுத்தம். பின்னால் நின்ற ஆளுக்கும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வாயெல்லாம் பல். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூட்டம் போனாலும் ஆள் மிஞ்சியதே, இனிமேலாவது புகையை விட்டுவிடுவார்கள் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கருப்பையா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தடவை சேர்த்தாற்போல் ரெண்டு பம்ப் கிடைக்குமா என்று தயங்கிக் கேட்டார். வெளியூர் போகிறீர்களா என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "எரிஞ்சதுக்கு ஈடு கட்டணும்ல தாயி. இந்தத் தடவ ரெண்டு மூட்டம் போட்டிருக்கோம். ஒண்ணை நான் பாக்குறேன், ஒண்ணை அவ பாப்பா."

புகைப் பக்கம் போகாதே என்று சொல்லவும் எனக்குத்தான் சம்பளம், புகைக்குள் நிற்க மருந்து எடுத்துக் கொடுக்கவும் எனக்குத்தான் சம்பளம் என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட சுகம்.