சல்லடை

எழுபதுகளில் குவைத்தின் ஃபஹாஹீலில், ஒரு கம்பெனி கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒருநாள் காலை வரிசையில் ஜெரோம் நின்றிருந்தான். நாகர்கோவிலில் காலேஜ் ஃபுட்பால் டீமில் எங்கள் கோல்கீப்பர். ஃபைனலில் கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டு மூன்று கோல் வாங்கியவன். அந்த ஆத்திரத்தில் அவனுக்குச் ‘சல்லடை’ என்று பெயர் வைத்தது நான்தான். பிறகு காலேஜ் முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிட்டது.

ஆறு வருடம் கழித்துப் பார்த்த சந்தோஷத்தில், “ஏலே சல்லடை!” என்று கத்தினேன். அவனோடு வந்திருந்த லேபர் கேம்ப் ஆட்கள் அது என்ன பெயர் என்றார்கள். கதையை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

பைப் தூக்கினால் வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்திருந்தான். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்ன எலும்பு ஒன்று இரண்டாக உடைந்து, சேராமலே கிடந்தது. பழைய முறிவு.

“இது எப்பம்லே ஒடிஞ்சது?”

“ஃபைனலுக்கு மொதநாள் பிராக்டீஸ்ல நீ அடிச்ச பெனால்டிய தடுத்தேம்லா, அன்னைக்குத்தான் மக்கா.”

“ஏன்லே சொல்லல?”

“வேற கீப்பர் யாரு இருந்தா? ஒங்கிட்ட சொன்னா, மறுநாள் ஒங்காலு ஒழுங்கா அடிக்குமா?”

ஃபிலிமை உறையில் போட்டேன். கதவைத் திறந்துவிட்டேன்.

“சல்லடை வந்தாச்சு, வண்டிய எடுங்க!” என்றார் வெளியே ஒருவர். அவன் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினான்.

அந்த மூன்று கோலில் என் பங்கை அன்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.