நஸீறா கழுவி வைத்த முட்டைகள்

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற, பாதை என்று ஊரார் சொல்லும் மிதவையில் அன்று காலை நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம். ஒரு பட்டா லொறியின் முதுகில் ஆளுயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, நிமிர்ந்து நிற்கிறது. கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் அது சாய்ந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்திருக்கிறாள்.

"புது பிரிஜ்ஜா தங்கச்சி?" என்று மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒருவர் கேட்டார்.

"பிரிஜ் இல்ல. கோழிக்குஞ்சு பொரிக்கிற மெசின். இது குளிராக்காது, சூடாக்கும்."

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தார், வானத்தை ஒருமுறை பார்த்தார். மட்டக்களப்பு வெயிலில் காசு கொடுத்துச் சூடு வாங்கிப் போகிறவளுக்கு இடம்விட்டு மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

அவள் பெயர் நஸீறா. ஊர் ஏறாவூர், வயது நாற்பத்திரண்டு. அதில் பதினொரு வருடத்தைக் குவைத்தில் மூன்று வீடுகளின் குசினிகளில் கழித்தவள். கணவன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போனபோது மகள் பஸ்னாவுக்கு ஐந்து வயது. பிள்ளையை அடுத்த வளவில் இருந்த, அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஸைனம்புவிடம் ஒப்படைத்துவிட்டு நஸீறா விமானம் ஏறினாள். இரண்டு தடவை லீவில் வந்தாள். இரண்டு தடவையும் "இனிப் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனாள். கல்வீடு எழும்பியது, கூரைக்கு ஓடு வந்தது, பஸ்னா பதினேழு வயதுப் பெண்ணாகி உயர்தரம் படிக்கத் தொடங்கினாள்.

கடைசியாக வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பஸ்னா கேட்டாள்: "மறுகா எப்ப போறீங்க, உம்மா?"

"இனிப் போகமாட்டன் மகள்."

பஸ்னா தலையை ஆட்டினாள். அவள் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

மகள் மரியாதையாகத்தான் நடந்தாள். நஸீறாவுக்குப் பொறுக்காததும் அதுதான். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "சீனி காணுமா?" என்று கேட்பாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல. முகத்தை நீட்டிக்கொண்டு சண்டை பிடிப்பதும், பிறகு மடியில் தலை வைத்துப் படுப்பதும் வேலிக்கு அந்தப் பக்கம், பெரியும்மாவிடம். இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வளர்த்தவளிடம்தான் பிள்ளை உரிமை எடுக்கும். நஸீறாவுக்கும் அது தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

ஆகவே இந்த முறை போகாமல் இருந்தே தீரவேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். போகாமல் இருக்க வீட்டோடு ஒரு பிழைப்பு வேண்டும். ஏறாவூரில் ஊர்க்கோழிக் குஞ்சுக்கு எப்போதும் கிராக்கி. ஒரு கோழி அடையில் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் தாங்காது; மெசின் இருநூற்று அறுபது தாங்கும். இந்தக் கணக்கு பிழைத்தால், மீண்டும் குவைத்துதான்.

பெட்டியை விற்றவர் மண்டூரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சீனித்தம்பி. தனக்குப் பெரிய மெசின் வந்ததால் சின்னதைக் கொடுத்தார். நல்ல மனிதர், பொருளோடு புத்திமதியையும் சேர்த்தே தந்தார்.

"முட்டையிர கூர்ப்பக்கம் கீழ இருக்கணும், தங்கச்சி. கதவைச் சும்மா சும்மா திறந்து பாக்கப்படா. முதல் ரெண்டு நாள் வெறும் பெட்டியா ஓடவிடுங்க. சூடு ஒரே அளவில நிக்கிதெண்டு கண்டாத்தான் முட்டை வைக்கணும். மறுகா என்ன சந்தேகமெண்டாலும் போன்ல கோல் எடுங்க."

நஸீறா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று உலகத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

வீட்டில் பெட்டிக்கு இடம் ஒதுக்குவதே பெரிய பாடாகிவிட்டது. வெயில் படக்கூடாது, காற்று நேரே அடிக்கக்கூடாது, தரை மட்டமாக இருக்கவேண்டும். குவைத்துக் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரியை ஹோலிலிருந்து விறாந்தைக்குத் தள்ளிவிட்டு அந்த மூலையில் பெட்டியை நிறுத்தினார்கள். பஸ்னா ஒரு கோப்பைத் தண்ணீரைப் பெட்டியின் தலையில் வைத்து மட்டம் பார்த்தாள். ஒரு கால் பள்ளம். பழைய கொப்பி மட்டையை மடித்து அடியில் செருகினாள். கறண்ட் போனால் உதவ ஒரு பற்றரியும் பொருத்தியாயிற்று. இரண்டு நாள் வெறும் பெட்டி ஓடியது. முப்பத்தேழு புள்ளி ஏழு என்ற சிவப்பு இலக்கம் அசையாமல் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பஸ்னா புத்தகப் பையைக் கழற்றாமலே அந்த இலக்கத்தைப் பார்க்க வந்தாள். நஸீறா அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடைக்கோழி இல்லாதவர்கள் அடைக்கோழி உள்ள வீட்டில் முட்டை கொடுத்து, பொரித்ததில் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். மெசினுக்கும் அதே கணக்கு என்று நஸீறா சொல்லியனுப்பினாள். வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையிலிருந்த பதின்மூன்று வீட்டுப் பெண்கள் நூற்றைம்பதுக்கு மேல் முட்டை அனுப்பினார்கள். எல்லாம் கூட்டிலிருந்து எடுத்தபடியே, எச்சமும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டு வந்தன.

கோழி எச்சம் பட்ட முட்டையைக் கழுவாமல் குசினிக்குள் எடுப்பதில்லை என்பது அவள் பிறந்த வீட்டில் பழகியது. குவைத்தில் அது இன்னும் இறுகிப்போனது. கழுவித் துடைக்காத ஒரு முட்டை பிரிஜ்ஜில் இருந்தால் வீட்டு எஜமானி மடம் பார்க்கிற பார்வை போதும். பதினொரு வருடத்தில் நஸீறாவின் கை மூளையிடம் கேட்காமலே அழுக்கைத் துடைக்கப் பழகியிருந்தது. ஒரு பேசினில் சவுக்காரத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். அவள் தேய்த்துக் கழுவினாள். பஸ்னா பருத்தித் துணியால் துடைத்து, பென்சிலால் வீட்டுப் பெயரை எழுதினாள். அந்தப் பின்னேரம் முழுவதும் தாயும் மகளும் முழங்கால் முட்ட உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒரு முட்டை வழுக்கி நஸீறாவின் மடியில் விழுந்து உடையாமல் தப்பியபோது பஸ்னா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நஸீறா இன்னும் நூறு முட்டை கழுவியிருப்பாள்.

அடுக்கி முடித்துக் கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் ஸைனம்பு ஒரு ஓலைப்பெட்டி முட்டையோடு வந்தாள். அதுவரை, "கோழிக்கு வேல போயிட்டு" என்று நக்கலடித்துத் திரிந்தவள்.

"இருவது இரிக்கி. வெச்சிப் பாரு. பொரிச்சா உன்ட கெட்டித்தனம்."

கழுவ நேரமில்லை, பெட்டியின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்னா பெயரை மட்டும் அவசரமாகக் கிறுக்கிக் கொடுக்க, எச்சம் பட்ட அந்த இருபதையும் நஸீறா கண்ணை மூடிக்கொண்டு மேல்தட்டில் வைத்தாள். உள்ளுக்குள் அருவருப்பாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஹோலில் ஒரு நாற்றம். பதினான்காம் நாள் பெட்டிக்குள் ஒரு முட்டை வெடித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் நரம்பு ஓடவேண்டிய இடத்தில் கலங்கிய இருட்டு. ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசை வரிசையாகக் கூழ்முட்டை. நஸீறா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வளவில் குழி தோண்டிப் புதைத்தாள். மிஞ்சியவற்றில் இருபத்தோராம் நாள் காலை பொரித்தவை இருபத்திரண்டு குஞ்சுகள்.

ஸைனம்பு உடைந்த முட்டைக் கோதுகளைப் பொறுக்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். ஏறக்குறைய எல்லாக் கோதிலும் அவள் பெயர்.

"என்ட முட்டை மட்டும் பதினேழு பொரிச்சிரிக்கி. இது என்ன புதினம்?"

பஸ்னா மெல்லச் சொன்னாள்: "உங்கட முட்டய மட்டும் நாங்க கழுவல்ல, பெரியும்மா. நேரம் இரிக்கல்ல."

"கழுவினீங்களா?" ஸைனம்பு தங்கையைப் பார்த்தாள். "சமைக்கிற முட்டயக் கழுவுறதுதான். அடைக்கு வைக்கிறத ஆரும் கழுவுவாங்களா? கோதில ஒரு பூச்சு இரிக்கி புள்ள. அது போனா ஊத்தை உள்ளுக்கு இறங்கும். என்னட்டக் கேட்டா சொல்லியிரிப்பேனே."

நஸீறா ராத்தாவிடம் கேட்காதது மறதியால் அல்ல. பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவளிடம் கோழியையும் கேட்டுப் படிப்பதா என்ற ரோசம். அந்த ரோசம்தான் நூற்றைம்பது முட்டையைக் கெடுத்தது. பொரித்த குஞ்சிலும் ராத்தாதான் முன்னுக்கு நின்றாள் என்பதை நினைக்க நஸீறாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சண்டை அப்போதுதான் வெடித்தது. "தெரியாட்டிக் கேக்கிறதுக்கு என்ன?" என்று பஸ்னா தாயைப் பார்த்துக் கத்தினாள். "எல்லா முட்டயிலும் நான்தானே பேர் எழுதின. இனி எந்த மூஞ்சோட அந்த வீடுகளுக்குப் போற?" சொல்லிவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டாள். எத்தனை நாள் நஸீறா ஏங்கிய சண்டை. வந்தபோது அது ஒன்றும் இனிக்கவில்லை.

"கறண்ட் போனதால எண்டு சொல்லிரு" என்றாள் ஸைனம்பு. "ரெண்டு நாள் போனதுதானே. ஆரு கேக்கப்போறா?"

நஸீறாவும் யோசித்தாள். நல்ல பொய், ஊரே நம்பக்கூடிய பொய். ஆனால் பெயரெழுதிய பிள்ளை பொய்க்கும் சாட்சியாக வேண்டிவரும். அன்றைக்கே பதின்மூன்று வீட்டுப் படியும் ஏறி, "நான் கழுவிட்டன். அதால கெட்டுப்போச்சி" என்று சொன்னாள். தன் பங்குக் குஞ்சுகளையும் அவர்களுக்கே பிரித்துக் கொடுத்தாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி கதவைப் பாதி திறந்தபடி கேட்டுவிட்டுப் பேசாமல் சாத்தினாள். மற்றவர்கள் பரவாயில்லை என்றார்கள். அடுத்த முறையும் முட்டை தருகிறேன் என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் முகைதீன்பாவாவுக்குக் கோல் எடுத்தாள். ஊரிலிருந்து ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் அவர். மூன்று தடவையும் நஸீறாவை அனுப்பியதும் அவரே. பழைய மடம் இன்னும் அவளைத்தான் கேட்கிறா என்றார். ஞாயிறு வந்து பாஸ்போட்டை எடுத்துப்போவதாகச் சொன்னார். நஸீறா அதை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பஸ்னா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சண்டைக்குப் பிறகு மகள் மீண்டும் மரியாதையாகிவிட்டாள்.

ஞாயிறு காலை நஸீறா ஹோலில் மெசினின் தட்டுகளைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விற்பதென்றாலும் சுத்தமாக விற்கவேண்டும். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பஸ்னா எழுந்து போனாள்.

"உம்மா இரிக்காவா மகள்?"

"இரிக்கா, மாமா."

"பாஸ்போட்ட எடுத்துட்டுப் போகத்தான் வந்தன்."

"உம்மா போகமாட்டா."

"அவதானே புள்ள எனக்குக் கோல் எடுத்த."

"எடுத்திருப்பா. இப்ப நான் சொல்றன், மாமா. அவ போகமாட்டா. மெசினுக்கு முட்டை வைக்க வேண்டிக் கிடக்கு."

"முட்டை ஆரு தாற?"

"பெரியும்மா தருவா. மத்தவங்ககிட்ட நான் போய்க் கேப்பன்."

முகைதீன்பாவா கழற்றிய ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டினார். பிறகு, "சரி, உம்மாட்டச் சொல்லுங்க" என்றார். மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பிப் போயிற்று.

நஸீறா நனைந்த தட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று பயணத்திலும் வேன் வாசலில் வந்து நின்றபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். துஆக் கேட்டார்கள், அழுதார்கள், பால்மாவும் அத்தரும் மறக்காமல் அனுப்பச் சொன்னார்கள். போகிறவளை மறித்தால் பயணம் சரிவராது என்று பெரியவர்கள் பிள்ளையின் வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள். வேனில் ஏறும்போதெல்லாம் அவள் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருக்கிறாள். யாராவது ஒருவர் போகாதே என்று சொன்னால் இறங்கிவிடலாம் என்றுதான் நின்றாள். அதை அவள் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.

பஸ்னா உள்ளே வந்து, இன்னொரு தட்டை எடுத்து எதிரே உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள்.

"இத ஏன் புள்ள இத்தன வருஷமாச் சொல்லல்ல?" என்று நஸீறா கேட்டாள். 

பஸ்னா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல எனக்கு அஞ்சு வயசு, உம்மா. பிறகு நீங்க கேக்கல்ல."