பத்தாங் பெர்ஜுந்தாயில் மூன்று மாதம் தாமதமான காபி

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவள் நான். தொழிற்சாலைகளுக்குப் போய் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. போன சனிக்கிழமை ராவாங்கில் மதியமே வேலை முடிந்தது. கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறி மின்மினி பார்த்துவிடலாம் என்று குவாலா சிலாங்கூரில் அறை எடுத்தேன். வாடகை 110 மலேசிய வெள்ளி.

அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கான செயலி ஒன்று என்னிடம் உண்டு. எந்த ஊரில் இறங்கினாலும் பக்கத்திலிருக்கும் நண்பர்களைக் காட்டும். தனியாகச் சாப்பிடும் கொடுமையிலிருந்து பலமுறை என்னைக் காப்பாற்றிய புண்ணியம் அதற்குண்டு. மூன்று மணிக்கு அது கலைவாணியைக் காட்டியது: பத்தாங் பெர்ஜுந்தாய், 24 கிலோமீட்டர். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. யோசிக்காமல் 'காபி குடிக்கலாமா?' பொத்தானை அழுத்தினேன். துள்ளிக் குதிக்கும் கோப்பைப் படத்தோடு அது போய்ச் சேர்ந்தது.

பதில் உடனே வந்தது. "எங்கம்மா செத்து மூணு மாசம் ஆச்சு. துக்கம் கேக்க வராதவங்களோட காபி குடிக்க முடியாதுலா."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கலையின் அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் பினாங்கில் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள், நானும் போட்டேன். அவ்வளவுதான். விடுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து நெத்திலிச் சம்பல் கொண்டுவந்த அம்மா. வெட்கமாக இருந்தது. கலையை இழந்துவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

உடனே கிளம்பினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, பழமும் வாங்கவில்லை. துக்க வீட்டுக்கு அப்படித்தானே போவோம். வழியெங்கும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். பழக்குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில் நாற்பது நிமிடம் ஆனது.

கதவைத் திறந்த கலை 'வா' என்று சொல்லவில்லை. இன்னும் கோபமோ என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. துக்கம் கேட்க வருகிறவர்களை யாரும் 'வா' என்று அழைப்பதில்லை. காலம் தாழ்ந்து வந்தவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஒரு போனாவது பண்ணிருக்கலாம்டி," என்றாள்.

"தப்புதான். என்ன பேசறதுன்னு தெரியல."

"யாருக்குத்தான் தெரியுது? வந்து உக்காந்தா போதும்லா."

இருவரும் அழுதோம். அரைமணி கழித்து எழுந்து, 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் காருக்கு நடந்தேன்.

கடைத்தெருவை நெருங்கும்போது கைப்பேசி ஒலித்தது. அதே செயலி, அதே துள்ளும் கோப்பை. 'காபி குடிக்கலாமா?' அனுப்பியவள் கலை. கீழே ஒரு வரி: "முச்சந்திக் கடையில உக்காரு. வரேன்."

மின்மினி பார்க்க நீங்கள் போவதானால், படகுத்துறைக்கு ஏழரைக்குள் போய்விடுங்கள், மழை இல்லாத நாளாகப் பாருங்கள். செயலியும் நல்ல சாமான்தான், வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துமுன் அந்த வீட்டில் நல்லது கெட்டது ஏதும் நடந்ததா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். மின்மினியை நான் பார்க்கவில்லை. ஏழரைக்கு நாங்கள் இன்னும் அந்தக் கடையில்தான் இருந்தோம்.

கிளம்பும்போது, "போயிட்டு வரேன்டி," என்றேன்.

"வா," என்றாள் கலை.