சாரலில் நின்றுபோன கம்ப்யூட்டர்

எங்கள் நூல் மில்லில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதில் கம்ப்யூட்டரும் நானும் இருந்தோம். எண்பதுகளின் பின்பாதி அது. தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. "அண்ணாச்சிக்கு என்ன, குத்தாலத்த உள்ளயே கொண்டாந்து வச்சிருக்காக" என்பார் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் நான் நாலு பேரோடு பேசிப் பேசியே வளர்ந்த ஆள். காலையில் மேலகரத்து வாடகை அறையோடு சேர்த்துப் பூட்டிய வாய், ராத்திரி ஓட்டலில் "சாம்பார் ஊத்துங்க" என்று சொல்லத்தான் திறக்கும் என்றால் பாருங்கள்.

வேலை நானாகப் புத்தகத்தைப் புரட்டிக் கற்றுக்கொண்டது. பெரிய பெட்டி என் அறையில். அதிலிருந்து வயர் போய், வெளியே ஹாலில் நாலு மேசையில், திரையும் விசைப்பலகையுமாக நாலு டெர்மினல். பில் போடுகிறவர், சம்பளம் போடுகிறவர் என்று நாலு பேருக்கும் அந்த ஒரே பெட்டிதான் உழைக்கும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் இயங்குதளம். அதற்கும் உள்ளே, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கெர்னல் என்று ஒன்று உண்டு. அது நின்றால் நாலு பேருக்கும் வேலை நிற்கும்.

கம்ப்யூட்டர் வந்தபின் முதல் சாரல் தொடங்கியதும் அது நிற்க ஆரம்பித்தது. பில் போடும் பெண்தான் முதலில் வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, நின்னுட்டு."

"உன்னுது மட்டுமா?"

"எல்லாருதும். எல்லாரும் என்னயத்தான் பாக்காக."

என் விசைப்பலகையும் செத்துக் கிடந்தது. அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. அணைத்தாலோ, டிஸ்க் முழுவதையும் அது தடவித் தடவிச் சரிபார்த்து முடிக்க அரை நாள் போகும். அப்புறம் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு தடவையும் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய பில் பிரிண்ட் என்று சம்பளக் கிளார்க் கண்டுபிடித்துவிட்டார். அவள் காதில் விழும்படியே சொல்லுவார்: "சில பேரு கை பட்டா ஓடுத லாரியே நிக்கும்."

அவள் வீட்டுக்காரர் துபாய்க்குப் போனவர். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. மாமியார் வீட்டில்தான் இருந்தாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா அந்தப் பிள்ளைய நிப்பாட்டிருவோம்வே. தொழில்ல ராசி முக்கியம்லா."

அது அவள் காதுக்கும் எட்டிவிட்டது. என் அறைக்கு வெளியே வந்து நின்றாள். "அவுக காயிதம் போடாததுக்கு என் ராசிதான் காரணம்னு அத்த சொல்லுதாக. இப்பம் மிசினும் சாட்சி சொல்லுது. நெசமாவே அப்படித்தானோன்னு எனக்கே தோணுது அண்ணாச்சி."

புத்தகங்களில் தேடி அலுத்துப்போய், மறுநாள் மதியம் முதல்முறையாக அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் மேசை மேற்குச் சன்னலை ஒட்டியது. கணவாய் வழியாக வருகிற காற்று, சாரலையும் கூட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்து விழுந்தது. மேசையில் பாதியை டெர்மினலே அடைத்திருந்தது. நீளமான பிரிண்ட் ஒன்றை ஓடவிட்டாள். பில் துண்டுகளை அடுக்கி, வைக்க வேறு இடமில்லாமல் விசைப்பலகை மேலேயே வைத்தாள். பறக்காமல் இருக்க, நூல் நிறுக்கிற அரைக்கிலோ எடைக்கல்லை அதன் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சம்பளக் கிளார்க் கத்தினார்: "ஏ, போச்சுலே! மறுபடியும் போச்சு!"

கல்லைத் தூக்கினேன். காகிதத்துக்கு அடியில் ஒரு விசை அமுங்கிக் கிடந்தது.

விஷயம் இதுதான். நாம் அடிக்கிற எழுத்துகள் கெர்னலுக்குள் ஒரு சின்ன இடத்தில் காத்திருக்கும், புரோகிராம் வந்து எடுத்துக்கொள்ளும். பிரிண்ட் ஓடும்போது புரோகிராம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. அமுங்கிய விசையோ எழுத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடம் நாலு டெர்மினலுக்கும் பொது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க, கெர்னலை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். ஒன்று வழிந்தால் மற்றவர்கள் எழுத்துக்கும் இடமில்லை. எந்த அதிகாரமும் இல்லாத ஆள், உட்கார்ந்த இடத்திலிருந்தே மொத்தத்தையும் நிறுத்திவிடலாம். இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

மெட்ராஸில் கம்ப்யூட்டரை விற்றவர்களுக்கு டிரங்க் கால் போட்டேன். "கல்லு வைக்க வேணாம்னு சொல்லுங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

மேனேஜரும் அதையே பிடித்துக்கொண்டார். "அப்பம் அவ வச்ச கல்லுதானவே?"

"கல்லு அவ வச்சதுதான் சார். ஆனா அவ மேசைதான நிக்கணும்? மத்த மூணும் ஏன் நிக்குது? கோளாறு பெட்டிக்குள்ள இருக்கு."

யோசித்தார். "சரிவே, காத்து வராம சன்னலப் பலக போட்டு அடிச்சிருவோம். பிள்ள இருந்துட்டுப் போட்டும்."

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"வேல கெடக்கட்டும் அண்ணாச்சி. நெசமாவே கல்லுதானா? எனக்காவ ஒரு பேச்சுக்குச் சொல்லுதீகளா?"

காகிதத்தில் கட்டம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "நீங்க வச்சுக் காட்டுங்க. நான் இங்க இல்லாம கேட்டுல போயி நிக்கேன்" என்றாள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஹாலில் யாரும் இல்லை. அவள் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சாரலில் நடந்து கேட் வரைக்கும் போய், வாட்ச்மேனின் தகரக் கொட்டகையில் நின்றாள். நான் சம்பளக் கிளார்க்கின் டெர்மினலில் ஒரு பிரிண்டை ஓடவிட்டு, விசைப்பலகையில் கல்லை வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மேசையில் ஒரு விசையைத் தட்டினேன், எழுத்து வந்தது. மறுபடி தட்டினேன், வந்தது. நின்று தொலையேன் என்று ஒரு மிசினிடம் அன்றைக்குத்தான் கெஞ்சினேன். அடுத்த தட்டுக்கு எழுத்து வரவில்லை. மற்ற மேசைகளிலும் வரவில்லை.

வராந்தாவில் நின்று கையசைத்தேன். வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு மேசையிலும் தட்டிப் பார்த்தாள்.

"நான் அங்கனதான நின்னேன்?"

"ஆமா தாயி."

"என் கை படவே இல்லல்லா?"

"படல."

அந்தக் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் பெட்டியை அணைத்துப் போட்டேன். டிஸ்க்கைச் சரிபார்த்து முடிப்பதற்குள் வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அந்தப் பிள்ள போகும்போது, நான் இங்கனதான நின்னேன், நீங்க பாத்தீகள்லான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். திரும்பி வந்து மறுபடியும் கேட்டுச்சு. எதுக்குன்னுதான் தெரியல."