காங்கேயத்தில் வேனை விட்டு இறங்கியவள்

சுகன்யா மேரி, அடைக்கலசாமியின் இரண்டாம் மகள். பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் வரதராசன்பேட்டையில், 1990ஆம் ஆண்டு. படிப்பு பி.காம். 2011 முதல் 2014 டிசம்பர் வரை சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் பௌலிங் கூடத்தில் வேலை பார்த்தாள். 2015 ஜனவரியில் என் தம்பி ஆரோக்கிய பிரபுவை மணந்து அரியலூர் வந்தாள். குழந்தைகள் இருவர்.

எங்கள் குடும்ப ஏட்டில் மருமகள்களைப் பற்றி இதற்கு மேல் எழுதும் வழக்கம் இல்லை. எழுதாமல் விடுவதால், யார் எதைச் சொன்னாலும் அதுவே அவர்களுடைய வரலாறாகிவிடுகிறது. 2024 மே மாதத்திலிருந்து சுகன்யாவுக்கு எங்கள் உறவினர் வீடுகளில் ஒரே அடையாளம்தான்: "நிச்சயதார்த்தத்தை விட்டுட்டுப் பந்து உருட்டப் போனவ." இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்று அந்த வேனில் இருந்தவர்கள். தெரிந்தே சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அந்தச் சென்னைக் கூடத்தில் அவளுக்கு, வருகிறவர்களுக்குக் காலணி எடுத்துக் கொடுக்கும் வேலை. காலையில் கூடம் திறக்கும் முன், தடங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பணியாளர்களே உருட்டிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் பழகினாள். வழவழப்பான நீண்ட மரத்தடத்தில் கனத்த பந்தை விட்டு, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளையும் சாய்க்க வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். பணியாளர் போட்டியில் இரண்டு முறை முதலிடம் பெற்றாள். திருமணத்துக்காக வேலையை விட்டபோது, உடன் வேலை செய்தவர்கள் பணம் சேர்த்து, அவள் விரல் அளவுக்கே துளையிட்ட பந்து ஒன்றை வாங்கித் தந்தார்கள். சீர்வரிசையோடு அதுவும் அரியலூருக்கு வந்தது. என் தாயார் மதலேனம்மாள் அதைக் கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு புளிப்பானை மூடியின் மேல் பிரிமணை வைத்து, அதன் மேல் பந்தைக் கனத்துக்கு ஏற்றி வைத்தார். அங்கேயே இருந்தது.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் உண்டு, சிமெண்ட் லாரி உண்டு. பௌலிங் கூடம் இல்லை. எனவே குடும்பத்தோடு வெளியூர் போகும்போதெல்லாம் அவள் அங்கே ஒரு கூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பாள். மதுரைக்குக் காதுகுத்துக்குப் போனபோதும் கேட்டாள், புதுச்சேரிக்கு உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோதும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் "திரும்பும்போது பாக்கலாம்" என்றார்கள். திரும்பும்போது இருட்டிவிடும்.

ஒருமுறை பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளும் நாத்தனாரான நானும் பஸ் ஏறிப் போனோம். சாய்ந்த கட்டைகளைத் தூக்கி நிறுத்த, அவற்றின் தலையில் கயிறு கட்டியிருந்தது. பந்து தேங்காய் அளவுதான் இருந்தது.

"தம்பி, தடம் எத்தனை அடி நீளம்?" என்று அங்கே வேலை பார்த்த பையனிடம் கேட்டாள்.

"ஒரு லாரி நீளம் இருக்கும்க்கா."

"எந்த லாரி? வெளியில நிக்குதே, அந்தக் குட்டி யானையா?"

பையன் சிரித்துவிட்டான். "இது சின்னப் புள்ளைங்க ஆடுறதுதான்க்கா. நீங்க கேக்குறது எல்லாம் கோயம்புத்தூர்லதான் இருக்கும்."

அந்தக் கோயம்புத்தூர்ப் பயணம் 2024 மே மாதம் வந்தது. என் சித்தப்பா மரிய ஆல்பர்ட்டின் மகனுக்கு அங்கே பெண் பார்த்து, ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அதே நாளில், அதே ஊரில், மாநில மகளிர் போட்டிக்கான தகுதிச் சுற்றும் நடந்தது. யார் வேண்டுமானாலும் போய் ஆறு ஆட்டம் ஆடலாம். மொத்தம் 960 புள்ளி எடுத்தால் மாநிலப் போட்டியில் இடம். அன்றே கடைசி நாள். நாலரை மணிக்குள் ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும். சுகன்யா பெயர் பதிந்துகொண்டு, சித்தப்பாவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டாள். "அதுக்கென்னம்மா, காலையில ஆறு மணிக்கே கெளம்புறோம், மத்தியானம் ரெண்டுக்கெல்லாம் போயிருவோம்" என்று என் எதிரில்தான் அவர் சொன்னார்.

வேன் ஆறு மணிக்கே கிளம்பியது. கரூரில் போர்வை வாங்க நிறுத்தினார்கள். அரை மணி என்று சொல்லிப் போனவர்கள் இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார்கள். காங்கேயத்தில் சாப்பாடு. பிறகு தேங்காய் எண்ணெய் வாங்கினார்கள். பிறகு சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் காளை இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். சித்தப்பாவிடம் ஒரு சென்ட் நிலமும் இல்லை. கட்டுத்தறியும் இல்லை.

இரண்டு மணிக்கு சுகன்யா என் தம்பியைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

"இரு, இப்ப வந்துருவாரு" என்றவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் இறங்கிப் போய்ச் சித்தப்பாவின் அருகில் நின்றாள். "சின்ன மாமா, மாடு புடிக்கப் போறீங்களா?"

"சும்மா பாக்குறதுதாம்மா. உனக்கென்ன அவசரம்? பந்து உருட்டுற எடம் எங்கயும் ஓடிரப் போவுதா?"

"எடம் ஓடாது மாமா. நாலரை மணி ஓடிரும்."

"அடுத்த வருசம் ஆடிக்க. கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளை பெத்தவளுக்கு இதென்ன வெளையாட்டு?"

அவள் வேனுக்கு வந்து, இருக்கைக்கு அடியிலிருந்து பந்துப் பையை எடுத்தாள். "நான் பஸ்ல போறேன். முடிச்சுட்டு நேரா மண்டபத்துக்கு வந்துருவேன்."

அப்போதுதான் சித்தப்பா காளையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "பதினொரு தட்டுக்குப் பதினொரு பொம்பளைய எண்ணிக் கூட்டிட்டு வந்துருக்கேன். நீ நேரத்துக்கு வரலைன்னா பத்தாப் போயிரும்."

வரிசைத்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஒவ்வொரு தட்டையும் ஒரு சுமங்கலி ஏந்த வேண்டும். எங்கள் வழக்கம் அது.

"வேன் நேரத்துக்குப் போயிருந்தா பதினொண்ணு பதினொண்ணாவே இருந்திருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் சாலையைக் கடந்தாள். கோயம்புத்தூர் பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வேன் மண்டபத்தை அடைந்தபோது மணி ஆறே கால். வாசலில் பத்துப் பெண்கள், பதினொரு தட்டுகள். பெண் வீட்டார் காத்து நிற்க, சித்தப்பா சுகன்யாவின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார். கரூர்ப் போர்வையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் தட்டில் இருந்தது ஆப்பிள். அதையும் அவளுக்கு ஒதுக்கிய தட்டையும் திரும்ப வேனில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தேன்.

"என்னம்மா பண்ற?" என்றார்.

"ஒன்பதும் ஒத்தப்படைதான் சித்தப்பா. போங்க."

ஒன்பது தட்டுகள் உள்ளே போயின. நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. சுகன்யா ஏழு மணிக்கு வந்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் அவளிடம் பேசவில்லை.

கூடத்தில் நடந்ததை மறுநாள் அவள் சொன்னாள். நல்ல கூடம். முழு நீளத் தடம், பந்து வழுக்கிப் போக அதில் அளவாகப் பூசிய எண்ணெய், கயிறில்லாத கட்டைகள். நாலே காலுக்கு உள்ளே போய்விட்டாள். பந்தைப் பையிலிருந்து எடுத்ததும் அங்கிருந்தவர், "என்னங்க, புளி வாசனை வருது?" என்றாராம். ஆனால் கட்டைவிரல் துளைக்குள் போகவில்லை. பாத்திரமும் துணியும் தண்ணீர்க் குடமும் அந்தக் கையை வேறு கையாக்கிவிட்டிருந்தன. அவள் அளவுக்கே செய்த பந்து அவளுக்குச் சேரவில்லை. திணித்துத் திணித்து இரண்டு ஆட்டம் ஆடினாள்; முதல் ஆட்டத்தில் 112 புள்ளி, இரண்டாவதில் 134. தோல் உரிந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குக் கூடத்துப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு 151, 162, 179. கடைசி ஆட்டத்தில் 208.

மொத்தம் 946. பதினான்கு புள்ளி குறைவு. இடம் கிடைக்கவில்லை.

"பதினாலுல போச்சுங்க அண்ணி. இன்னும் ஒரு ஆட்டம் இருந்திருந்தா கை வந்திருக்கும்" என்றாள் என்னிடம். விரலில் துணி சுற்றியிருந்தாள்.

செய்தி தெரிந்ததும் சித்தப்பா சிரித்தார். "இதுக்குத்தானா அந்த ஓட்டம் ஓடுனா? வராதது வராதும்மா." என் தம்பியும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் இங்கே பதிகிறேன். அவன் பிள்ளைகள் பின்னால் படிக்கட்டும். ஒரே மாலையில் 112இலிருந்து 208க்குப் போன கையைத்தான் வராத கை என்றார்கள். அந்தப் பதினான்கு புள்ளிகள் அவளுக்கு ஆட்டம் வராததால் போகவில்லை. புளிப்பானையின் மேலும், "திரும்பும்போது பாக்கலாம்" என்ற வாக்கிலும் போயின.

அவள் நல்ல தடத்தில் கடைசியாக ஆடியது 2014 டிசம்பர். மறுபடி ஆடியது 2024 மே.

ஒன்பது ஆண்டு, ஐந்து மாதம்.