இருபத்தோரு அடி போர்டு

பெரம்பலூரில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விதியைத் தாண்டி உயரமாகப் போர்டு வைக்க, இன்று நகராட்சியில் விதிவிலக்கு கேட்டு மனு கொடுத்தேன்.

படித்ததும் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

“இருபத்தோரு அடின்னு யாருங்க சொன்னது?”

“கடைக்கு வந்த ஒருத்தர்தாங்க. பஸ்ல போறப்ப போர்டு தெரியல, இருபத்தோரு அடி வைங்கன்னாரு.”

“குடையை மடக்கிக் கக்கத்துல வச்சிருந்தாரா?”

நான் குடையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அவர் ஒரு பழைய ஃபைலைப் பிரித்தார். இப்போது என் கடை இருக்கும் அதே இடத்துக்கு மூன்று மனுக்கள். முதலில் செருப்புக் கடை, பிறகு பேக்கரி, அதன்பின் செல்போன் கடை. மூன்றிலும் இருபத்தோரு அடிதான்.

“மூணு பேருமே அந்தக் குடைக்காரரத்தான் சொன்னாங்க.”

“அனுமதி கெடச்சுதுங்களா?”

“மூணுக்கும் கெடச்சுது சார். ஆர்டரை வாங்கத்தான் ஒருத்தரும் வரல.”

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

ஷட்டர் ஓரமாக ஒரு குடை சாய்ந்திருக்கிறது. மழை பெய்து நாளாயிற்று. குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

நண்பர்களே, உங்களில் யாராவது மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.